மூலைமட்டமும் கவராயமும்

நமது மன்றத்தின் சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். இருபுறமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, நீங்கள் ஃபிரீமேசன் சங்கத்தில் இருக்கிறீர்களாமே! அங்கே நள்ளிரவில் மண்டையோட்டின் மீது கைவைத்துச் சத்தியம் வாங்குவார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கூட்டம் மாலையில் தொடங்கி, கடைசி மெட்ரோ வண்டி புறப்படுமுன் முடிந்துவிடும் என்றேன். பாவம், அவர் முகத்தில் ஏமாற்றம் படர்ந்தது.

அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று உங்கள் அனைவருக்கும் முறையாகச் சொல்ல விரும்புகிறேன். கொல்கத்தாவின் பார்க் தெருவிலே ஃபிரீமேசன் கூடம் ஒன்று உண்டு. சென்னையில் எழும்பூரிலும், புதுதில்லியில் ஜன்பத்திலும் அத்தகைய கூடங்கள் உண்டு. அவற்றின் முகப்பில் மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருக்கும் சின்னத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். அதன் பொருள் யாது? அதை அணிவோர் யாவர்? அவர்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இவற்றுக்கு என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கொத்தனாரின் மகன். இந்த ஒரு வரியைத் தயக்கமின்றி எழுத எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஏன் என்பது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

கொட்டகையிலிருந்து கூடத்துக்கு

மேசன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொத்தனார், கல்தச்சர் என்பதே பொருள். இடைக்கால ஐரோப்பாவில் பெருந்தேவாலயங்களும் கோட்டைகளும் எழுந்த நாளில், கல்தச்சர்கள் வேலை கிடைத்த இடமெல்லாம் சென்று வாழ்ந்தனர். ஒரு தேவாலயம் முடியப் பல்லாண்டுகள் ஆகும். கட்டுமிடத்தின் அருகே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, அதிலே கல் செதுக்கினர், மழைக்கு ஒதுங்கினர், உண்டனர், தொழில் முறைகளைப் பேசி வகுத்தனர். அந்தக் கொட்டகைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். சங்கத்தின் கிளைக்கு இன்றும் அதுவே பெயர். நமக்கோ லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். "மாசத்துக்கு ஒரு நாள் லாட்ஜுக்குப் போறேம்மா" என்று நான் தொலைபேசியில் சொன்னபோது என் தாயார் பட்ட கலக்கத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

அத்தச்சர்களின் ஒழுங்குமுறைகளைக் கூறும் மிகப் பழைய கையெழுத்துச் சுவடி 1390ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது, செய்யுள் வடிவானது. ஸ்காட்லாந்தில் 1598லும் 1599லும் அரசப் பணியின் தலைமைத் தச்சராயிருந்த வில்லியம் ஷா என்பவர் லாட்ஜுகளுக்கு விதிகள் வகுத்தார். அடுத்த நூற்றாண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. உளியைக் கையால் தொட்டறியாத கனவான்களும் அறிஞர்களும் லாட்ஜுகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பழம்பொருள் ஆராய்ச்சியாளரான எலியாஸ் ஆஷ்மோல் 1646இல் வாரிங்டன் என்னும் ஊரில் சேர்ந்ததைத் தம் நாட்குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார். நாளடைவில் தொழில் செய்தவர்கள் குறைந்தனர். தொழிலின் கருவிகளை ஒழுக்கத்தின் குறியீடுகளாகக் கொண்டவர்கள் மிகுந்தனர். கல்லைச் செதுக்கும் சங்கம் மனத்தைச் செதுக்கும் சங்கமாயிற்று.

1717 ஜூன் 24ஆம் நாள் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒரு மதுக்கடையில் கூடிப் பேரவை ஒன்றை அமைத்தன என்பது வழிவழிச் செய்தி. இச்செய்தி முதன்முதலாக 1738இல்தான் விரிவாக அச்சேறியது; ஆகவே 1721ஐயே பேரவையின் உண்மையான தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர்களும் இன்று உண்டு. எவ்வாறாயினும், 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வெளிவந்துவிட்டது. அதன் சிறப்பு ஒன்றுண்டு. மதத்தின் பெயரால் மன்னனின் தலையையும் கொய்து, உள்நாட்டுப் போரும் நடத்தி முடித்த நாடு இங்கிலாந்து. அந்த நாட்டிலே, உறுப்பினரின் சமயக் கருத்தை அவரவர்க்கே விட்டுவிட்டு, நல்லவராகவும் நேர்மையாளராகவும் இருத்தலையே தகுதியாகக் கேட்டது அந்நூல். லாட்ஜுக்குள்ளே சமயச் சண்டையும் அரசியல் வாதமும் கூடா என்னும் விதி இன்றளவும் நிலவுகிறது.

இந்தியாவுக்கு வந்த கதை

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களிலேயே இச்சங்கமும் இங்கு வந்திறங்கியது. அந்நாளைய கல்கத்தாவில் 1730ஆம் ஆண்டளவிலும், சென்னையில் 1752இலும், பம்பாயில் 1758இலும் லாட்ஜுகள் தோன்றின. அனைவரும் உடன்பிறப்புகள் என்று முழங்கிய சங்கம், இந்த மண்ணின் மக்களை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. விதிவிலக்காக உள்ளே சென்ற முதல்வருள் ஒருவர் நம் பக்கத்தவர். ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770களிலே திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நவாபின் மகனுக்கு வாயில் திறப்பது வியப்பன்று. சாதாரணக் குடிமகனுக்குத் திறந்ததா என்பதே கேள்வி.

பம்பாயில் மானக்ஜி கர்சேட்ஜி என்னும் பார்சி இளைஞருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குச் சென்று முயன்றார். அங்கும் மறுப்பே கிட்டியது. விடாமல் பாரிசுக்குச் சென்று, அங்கே உறுப்பினராகித் திரும்பினார். ஊருக்கு வந்தபின்னும் பம்பாயின் ஆங்கிலேய லாட்ஜ் அவரை ஏற்கவில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1843 டிசம்பரில் இந்தியரையும் சேர்த்துக்கொள்ளும் லாட்ஜ் ஒன்றைப் பம்பாயிலேயே தொடங்கினார்; 'மேற்கிந்தியாவின் உதய தாரகை' என்று பொருள்படும் பெயர் அதற்கு.

வங்காளத்தின் கதை இன்னும் நீண்டது. பிரசன்ன குமார் தத்தர் என்பவர் 1863இல் தம்மைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். ஆசியர் எவரையும் மாகாணத் தலைவரின் முன் அனுமதியின்றிச் சேர்க்கலாகாது என்னும் துணைவிதி குறுக்கே நின்றது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர், சாதி பார்ப்போர், அவர்களோடு எவ்வாறு சகோதரத்துவம் கொண்டாடுவது என்றனர் எதிர்த்தோர். தத்தர் கெஞ்சவில்லை, வெளியேறவுமில்லை. சங்கத்தின் விதிநூலையே கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் சொல்லுக்கு நீங்களே கட்டுப்பட்டவர்களா என்று கேட்டு லண்டன் வரையில் வாதாடினார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து 1872இல் வாயில் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1884 பிப்ரவரி 19ஆம் நாள், இதே நகரில் 'ஆங்கர் அண்டு ஹோப்' என்னும் லாட்ஜிலே நரேந்திரநாத் தத்தர் என்னும் இருபத்தொரு வயது இளைஞர் சேர்ந்தார். அவரை உலகம் பின்னாளில் விவேகானந்தர் என்று அறிந்தது. தத்தர் ஒருவர் தட்டிய கதவின் வழியே மற்றொரு தத்தர் நுழைந்தார் எனலாம்.

நாடு விடுதலை பெற்றபின், 1961 நவம்பர் 24ஆம் நாள் புதுதில்லியில் இந்தியப் பேரவை நிறுவப்பெற்றது. இராம்பூர் நவாப் சையது ரசா அலி கான் அதன் முதல் தலைவரானார். பழைய லாட்ஜுகள் விரும்பினால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பேரவைகளின் கீழேயே நீடிக்கலாம் என்று விடப்பட்டது. இன்றும் சில அவ்வாறே நீடிக்கின்றன. இந்தியப் பேரவையின் லாட்ஜுகளில் பீடத்தின்மீது பகவத்கீதை, திருக்குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிப், அவெஸ்தா ஆகிய ஐந்து மறைகளும் வைக்கப்படும். இறைவன் ஒருவன் உண்டு என்னும் நம்பிக்கை மட்டும் உறுப்பினருக்கு வேண்டும். அவனை எப்பெயரால் அழைக்கிறீர் என்று எவரும் கேட்பதில்லை. சங்கம் அவனை 'அண்டத்தின் பெருந்தச்சன்' என்று குறிக்கிறது. கல்தச்சரின் வழித்தோன்றல்கள் வேறெப்படி அழைப்பர்?

நான் வாயிலைத் தட்டியது

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எம்.எஸ்ஸி. படிக்க இந்நகருக்கு வந்தேன். ஹௌரா நிலையத்தில் இறங்கிய அன்று எனக்குத் தெரிந்த வங்காளிச் சொற்கள் இரண்டு. சேர்க்கைப் படிவத்திலே தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு முன்னே நின்றவர் 'வழக்கறிஞர்' என்று எழுதினார். நான் சற்றே தயங்கி, 'கட்டட ஒப்பந்தக்காரர்' என்று எழுதினேன். உண்மையில் என் தந்தையார் நாட்கூலிக்குச் செல்லும் கொத்தனார். பள்ளி விடுமுறைகளில் நானே அவருக்குச் சித்தாளாக நின்று செங்கல்லும் கலவையும் சுமந்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லால் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை, ஆயினும் எழுதிவிட்டேன். ஒரு பொய்யை எழுதிவிட்டால் அதை வாழ்நாள் முழுதும் காக்க வேண்டியிருக்கிறது. நண்பர்களை ஊருக்கு அழைத்துச் செல்லவில்லை. பட்டமளிப்புக்கு வரட்டுமா என்று அப்பா கேட்டபோது, இரயிலில் இடம் கிடைப்பது அரிது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஆராய்ச்சி முடிந்து இங்கேயே ஆசிரியப் பணி கிடைத்தது. பகலெல்லாம் வகுப்பு, மாலையில் குடியிருப்பின் நான்கு சுவர்கள். உடன் படித்தோர் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டனர். ஆறு மணிக்கு மேல் என்னைத் தேடுபவர் எவருமில்லை. உங்களுள் சிலர் இதை அறிவீர்கள்.

எங்கள் துறையிலே மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். வங்காளத்து வழக்கப்படி எல்லோரும் அவரைத் 'தாதா', அதாவது அண்ணா என்று அழைப்போம். ஒருநாள் அவர் மேற்சட்டையில் சிறு ஊசிப் பதக்கம் ஒன்றைக் கண்டேன்.

"தாதா, இது மூலைமட்டம் அல்லவா?" என்றேன்.

அவர் வியந்து, "பலரும் இதை முக்கோணம் என்பார்கள். கருவி என்று நீங்கள் எப்படிக் கண்டுகொண்டீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரிலே பலர் வீட்டில் இருக்கும்" என்று மழுப்பினேன்.

எவரையும் வற்புறுத்தி அழைப்பது இச்சங்கத்தில் மரபன்று. விரும்புவோர் தாமே கேட்க வேண்டும். பல மாதங்கள் அவரை வினவிக்கொண்டே இருந்து, இறுதியில் நானே கேட்டேன். ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். பின்னர் உறுப்பினர் சிலர் நம் இல்லத்துக்கு வந்து உசாவுவர். இறை நம்பிக்கை உண்டா, குடும்பத்தார் இசைவு உண்டா, கட்டணத்தைக் குடும்பத்துக்குக் குறைவைக்காமல் செலுத்த இயலுமா என்பனவே முதன்மையான வினாக்கள். அன்று பேச்சோடு பேச்சாக, "தந்தையார் என்ன செய்கிறார்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பழைய பொய் நாவின் நுனியிலேயே இருந்தது. "கட்டட ஒப்பந்தக்காரர்" என்றேன்.

அதன்பின் லாட்ஜில் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். வெள்ளைக் குண்டு இசைவு. கறுப்புக் குண்டு மறுப்பு. கறுப்பு ஒன்றிரண்டு விழுந்தாலே சேர்க்கை நின்றுவிடும். எனக்கு எல்லாம் வெள்ளையாகவே விழுந்தன.

சேர்க்கைச் சடங்கை நான் முழுதும் விவரிக்க மாட்டேன். விவரிப்பதில்லை என்று வாக்களித்திருக்கிறேன். நூல்கள் பலவற்றில் அச்சாகிவிட்ட ஒன்றை மட்டும் கூறுகிறேன். புதியவன் காசோ, கடிகாரமோ, மோதிரமோ இன்றி உள்ளே வர வேண்டும். அந்நிலையில் அவனிடம் வறியோர்க்கு ஏதேனும் கொடு என்று கேட்கப்படும். அவன் சட்டைப் பையைத் துழாவுவான், ஒன்றும் இராது. இல்லாமை என்பது இதுதான், இதை மறவாதே என்று சொல்லப்படும். மற்றவர்களுக்கு அது ஒரு பாடம். எனக்கு அது நினைவு. மழைநாளிலே வேலையின்றித் திரும்பிய அப்பா, நான் பேனா வாங்கக் காசு கேட்டபோது, வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டிய காட்சி என் கண்முன் நின்றது.

சடங்கு முடிந்தபின் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது வழக்கம். இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். கிப்ளிங் 1886இல் லாகூரில் சேர்ந்தவர்; அந்த நாளில் பல மதத்தவரும் ஒரே லாட்ஜில் அமர்ந்தனர், ஆனால் எவர் சாதிக்கேனும் பங்கம் வந்துவிடும் என்று அஞ்சி விருந்து வைப்பதைத் தவிர்த்தனர் என்ற குறிப்பு அவருடைய பாட்டொன்றில் வருகிறது. எனக்கு ஒருபுறம் பார்சிப் பெரியவரும் மறுபுறம் முஸ்லிம் மருத்துவரும் அமர்ந்திருந்தனர். விருந்தின் நடுவே புதியவனை வாழ்த்துவர். அவன் எழுந்து மறுமொழி கூற வேண்டும். நான் ஆங்கிலத்தில் அழகாக எழுதிய தாளொன்று பையில் இருந்தது. எழுந்து நின்றேன். தாளை எடுக்கவில்லை.

"என் தந்தையார் ஒப்பந்தக்காரர் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அவர் கொத்தனார். இன்றிரவு நீங்கள் எனக்குக் காட்டிய கருவிகளையெல்லாம் நான் எட்டு வயதிலிருந்தே சுமந்திருக்கிறேன்" என்றேன்.

சிறிது நேரம் கரண்டி ஓசையும் கேட்கவில்லை. பின்னர் பக்கத்திலிருந்த பார்சிப் பெரியவர் எழுந்தார். "இந்த அறையிலே இத்தனை ஆண்டுகளாகத் தொழிலறியாத மேசன்களாகவே இருந்துவிட்டோம். உண்மையான மேசன் ஒருவரின் நலத்துக்காக இன்று அருந்துவோம்" என்று கண்ணாடிக் குவளையை உயர்த்தினார். எல்லோரும் எழுந்து நின்றனர். நான் அமர்ந்தபோது என் கைகள் நடுங்கின. பன்னிரண்டு ஆண்டுப் பாரத்தை இறக்கி வைத்த சித்தாளின் நடுக்கம் அது.

கருவிகள் கற்பிப்பன

சங்கத்தில் மூன்று படிகள் உண்டு. பயிலுநர், தோழமைத் தொழிலர், தலைக்கொத்தர் என்று அவற்றைத் தமிழாக்கலாம். ஒவ்வொரு படிக்கும் உரிய கருவிகள் உண்டு.

முதற்படியின் கருவிகள் அடிக்கோல், சுத்தியல், உளி. அடிக்கோல் இருபத்துநான்கு அங்குலம் உடையது. அது நாளின் இருபத்துநான்கு மணி நேரம். வழிபாட்டுக்கு ஒரு பகுதி, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு பகுதி, துன்புறும் நண்பனுக்கு உதவ ஒரு பகுதி என்று அளந்து செலவிட வேண்டும். சுத்தியல் மனச்சாட்சியின் ஆற்றல், உளி கல்வி. லாட்ஜில் இரண்டு கற்கள் வைக்கப்பட்டிருக்கும். ஒன்று மலையிலிருந்து வெட்டியபடியே கிடக்கும் கரடுமுரடான கல். மற்றொன்று செதுக்கிச் சதுரமாக்கிய கல். முன்னது சேரும்போதிருக்கும் மனிதன். பின்னது அவன் ஆக வேண்டிய மனிதன்.

இரண்டாம் படிக்கு மூலைமட்டம், மட்டப்பலகை, தூக்குக்குண்டு. மூலைமட்டம் நேர்மையைக் கூறும். மட்டப்பலகை சமன்மையைக் கூறும். தூக்குக்குண்டு நிமிர்ந்த நடத்தையைக் கூறும். லாட்ஜின் தலைவர் கழுத்தில் மூலைமட்டமும், காப்பாளர் இருவர் கழுத்தில் மட்டமும் தூக்குக்குண்டும் பதக்கமாகத் தொங்கும். மூன்றாம் படியிலே நூலும் எழுதுகோலும் கவராயமும் வருகின்றன. கவராயம் ஆசைக்கு எல்லை வரைவது. எல்லோரும் இடுப்பிலே வெள்ளைத் துணியோ ஆட்டுத்தோலோ கட்டிக்கொள்வர். கல் செதுக்குவோர் கட்டிய தோலின் நினைவு அது.

என்னைக் கவர்ந்த வழக்கம் இன்னொன்று. தலைவர் ஆண்டுதோறும் மாறுவார். இந்த ஆண்டு உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் அடுத்த ஆண்டு இறங்கி மற்றவரோடு அமர்வார். நம் சங்கங்களும் கட்சிகளும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதிலே இல்லையா?

ஐயங்களும் விடைகளும்

இனி, உங்கள் ஐயங்கள். மண்டையோடு உண்டா? நிலையாமையைக் குறிக்கும் அடையாளமாக உண்டு. நம் சித்தர்கள் பாடாத நிலையாமையா? அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இது இரகசியச் சங்கமா? கூடங்களின் மேல் பெயர்ப்பலகை தொங்குகிறது. விதிகள் அச்சில் கிடைக்கின்றன. உறுப்பினர் தம்மை மறைப்பதில்லை. ஒருவரையொருவர் அறியும் சைகைகளும் சொற்களும் மட்டுமே மறைக்கப்படுகின்றன. எழுத்தறியாத பழங்காலத் தச்சன் வேற்றூரில் தன் தகுதியை மெய்ப்பிக்க அவையே சான்றிதழாய் இருந்தன என்பர். எனினும் மூடிய கதவு ஐயத்தை வளர்க்கவே செய்யும். கத்தோலிக்கத் திருச்சபை 1738இலேயே தன் மக்களைத் தடுத்தது. 1983இலும் 2023இலும் அத்தடையை மீண்டும் உறுதி செய்தது. கிறித்தவ நண்பர்கள் இதை அறிந்திருத்தல் நலம். ஹிட்லரின் ஜெர்மனி 1935இல் லாட்ஜுகளைக் கலைத்தது. பிராங்கோவின் ஸ்பெயின் 1940இல் தனிச்சட்டமே இயற்றித் தண்டித்தது. உலகை ஆட்டிப் படைக்கும் கூட்டம் என்று இன்றும் கைப்பேசிகளில் கதைகள் உலவுகின்றன. எங்கள் லாட்ஜிலே மின்விசிறியைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று முடிவு செய்யவே மூன்று கூட்டங்கள் பிடித்தன. உலகை ஆள்வதற்கு நேரம் ஏது?

உறுப்பினர் ஒருவருக்கொருவர் பதவி தேடிக் கொடுப்பரா? அது விதிக்கு மாறானது. மாறானது என்பதால் எங்கும் எப்போதும் நடவாது என்று நான் உறுதி கூறேன். மனிதர் கூடும் இடம் எதற்கும் அவ்வுறுதியைத் தர இயலாது. ஆதாயம் தேடிச் சேர்வோர் விரைவில் சலித்து விலகுவதைக் கண்டிருக்கிறேன்.

பெண்களுக்கு இடமுண்டா? பேரவையைச் சார்ந்த லாட்ஜுகளில் இல்லை. எனக்கு உடன்பாடில்லாத விதி இது. இருபாலாரையும் ஏற்கும் தனி அமைப்பு 1893இல் பாரிசில் தோன்றியது. அதிலே 1902இல் சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் அதை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பரப்பினார். நம் அடையாறு அதற்கு ஒரு நிலைக்களமாயிற்று. ஆயினும் பழைய பேரவைகள் அவ்வமைப்பைத் தம்மோடு சேர்ந்ததாக ஏற்பதில்லை. தத்தருக்கு ஒன்பது ஆண்டுகள் மூடியிருந்த கதவை எண்ணும்போது, இந்தக் கதவு எத்தனை ஆண்டுகள் மூடியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் கேள்வி

சேர்ந்த அடுத்த கோடையில் ஊருக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எழுதிய பொய்யையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் பேசாதிருந்தார். "ஒப்பந்தக்காரன்னு எழுதினியா? அந்த ஆளுக்கு வர்ற லாபத்தையும் எழுதியிருக்கலாமேப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலே சற்று வருத்தமும் இருந்தது. அதை நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கருவிகளுக்குச் சொல்லும் பொருளை விளக்கினேன். தூக்குக்குண்டு என்றால் நேர்மை என்றதும் தலையசைத்தார். "சரிதான். ஆனா வாயாலே சொன்னா சுவர் நிக்காது. வரிசைக்கு வரிசை நூல் பிடிக்கணும். மூணாவது வரிசையிலே விட்ட கோணலு, முப்பதாவது வரிசையிலேதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார். லாட்ஜில் நான் கேட்ட உரைகள் பலவற்றை விட அது ஆழமாய் இருந்தது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சங்கத்திலே கொத்தனாரு எத்தனை பேருப்பா?"

ஒருவரும் இல்லை. மருத்துவர், வணிகர், படை அதிகாரி, ஆசிரியர் எல்லாரும் உண்டு. சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் விருந்துச் செலவும் கூட்டினால், அது அப்பாவின் பல வாரக் கூலி. கொத்தனாரின் கருவியைக் கழுத்தில் அணிந்த சங்கத்திலே கொத்தனாருக்கு இடமில்லை. விதி தடுக்கவில்லை, விலை தடுக்கிறது.

அக்கேள்வியை அடுத்த கூட்டத்திற்குப் பின் விருந்தில் வைத்தேன். ஒருவர், "நாம் தொழிற்சங்கம் அல்லவே" என்றார். சிலர் இருமினர். லாட்ஜுகள் அறம் செய்யாதவை அல்ல. கோயம்புத்தூரில் மேசன்கள் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனையைப் பலர் அறிவர். ஆனால் என் கேள்வி அறத்தைப் பற்றியதன்று, தோழமையைப் பற்றியது. அன்று இரவு முஸ்லிம் மருத்துவரும் பார்சிப் பெரியவரும் மட்டும் என்னோடு மெட்ரோ நிலையம் வரை நடந்து வந்தனர். "என்ன செய்யலாம் என்கிறீர்கள்?" என்று கேட்டனர்.

அப்போது நம் வளாகத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முர்ஷிதாபாத், மால்தா மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தனர். கட்டுமானத் தொழிலாளருக்காக 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நலவாரியங்கள் அமைந்தன. பதினெட்டு வயதுக்கு மேல் அறுபதுக்குள் இருப்பவர், ஓராண்டில் தொண்ணூறு நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அச்சட்டம். பதிவு செய்தவருக்கே விபத்து உதவியும், பிள்ளைகளின் படிப்பு உதவியும், முதுமை உதவியும். அங்கிருந்தோர் பலரிடம் பதிவு இல்லை. படிவத்தை நிரப்பத் தெரியாது. தொண்ணூறு நாளுக்குச் சான்று தர மேலாள் முன்வருவதில்லை. நாங்கள் மூவரும் ஞாயிறுதோறும் மாலையில் சென்று படிவங்களை நிரப்பத் தொடங்கினோம். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்ப்பார். பெரியவர் மேலாளிடம் பேசிச் சான்று வாங்குவார். எண்பது வயதுக் கிழவரிடம் எவரும் கடுமையாகப் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்தது எழுதுவது. தொழில் என்னும் கட்டத்தில் 'ராஜ்மிஸ்திரி' என்று நிரப்புவேன். கொத்தனாருக்கு இப்பகுதியில் வழங்கும் சொல் அது. ஒவ்வொரு முறை அச்சொல்லை எழுதும்போதும் என் பழைய படிவத்தின் ஒரு கட்டத்தைத் திருத்துவதுபோல் இருக்கும். இப்போது லாட்ஜிலிருந்து அறுவர் வருகிறோம். அன்று இருமியவர்களுள் ஒருவரும் வருகிறார்.

நண்பர்களே, நீங்கள் அனைவரும் மேசன்களாக வேண்டும் என்று நான் எழுதவில்லை. சங்கம் எனக்கு இறைவனைக் காட்டியதாகவும் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை, என் மொழி பேசாத, என் சமயம் சாராத மனிதர்கள் முன்னே, நான் யார் என்பதை மறைக்காமல் அமர ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் கிடைத்த பின்னரே, அந்த அறைக்கு வெளியே நிற்பவரை நான் கண்டேன். முன்னது எனக்கு ஆறுதல் தந்தது. பின்னது வேலை தந்தது. ஆறுதலோடு நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

சென்ற தைமாதம் அப்பா கொல்கத்தாவுக்கு வந்தார். ஹௌரா பாலத்தைக் கண்டு வியந்தார். எங்கள் துறைக் கட்டடத்தின் கீழைச் சுவர் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கொட்டகைக்கும் வந்தார். மொழி தெரியாது, ஆனால் மாலை வெளிச்சத்தில் ஒரு முர்ஷிதாபாத் மிஸ்திரியின் கரணையை வாங்கிப் பார்த்து, கைப்பிடியைத் தடவி, ஏதோ சைகையால் கேட்டார். அவரும் சைகையாலேயே விடை சொன்னார். இருவரும் சிரித்தனர். எங்கள் சங்கத்தின் சைகைகளைக் கற்க எனக்கு மூன்று படிகள் ஏற வேண்டியிருந்தது.

புறப்படும்போது தம் பழைய தூக்குக்குண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் மேசைக்கு மேலே அதைத் தொங்க விட்டிருக்கிறேன். துறைக்கு வரும்போது பாருங்கள். அது என்னவென்று கேட்பவர்களிடம், "என் தகப்பனாருடையது, அவர் கொத்தனார்" என்று சொல்கிறேன்.